வயதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நன்றி சொன்னால் அது போகுமா?

கேள்வி: மார்ச் 2, இரவு 9.40

எனக்கு 57. யாராவது வயதைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன். படிவத்தில் பிறந்த ஆண்டை எழுதும்போதுகூட மனசு சுருங்குகிறது. உடம்பு பரவாயில்லை, வேலையும் இருக்கிறது, குறை என்று எதுவும் இல்லை. "கிடைத்ததை நினைத்து நன்றியோடு இருங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார்கள். ஒரு நோட்டு வாங்கி தினமும் மூன்று விஷயம் எழுதினேன்: ஆரோக்கியம், குடும்பம், வீடு. அடுத்த நாளும் அதேதான், அதற்கடுத்த நாளும் அதேதான். கொஞ்ச நாளில் அலுத்துப்போய் நோட்டை மூடி வைத்துவிட்டேன். நன்றிக்கும் வயதுக்கும் உண்மையிலேயே சம்பந்தம் இருக்கிறதா, இல்லை ஆறுதலுக்குச் சொல்கிறார்களா?

மார்ச் 2, இரவு 11.15

சம்பந்தம் இருக்கிறது. எனக்கு 63, என் அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் நோட்டில் ஆளே இல்லை. ஆரோக்கியம், குடும்பம், வீடு எல்லாம் "என்னிடம் இருப்பவை". இருப்பதை எண்ண உட்கார்ந்தால் "இது இன்னும் எத்தனை நாளைக்கு?" என்ற கேள்வியும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஐம்பதைத் தாண்டியவருக்கு அது ஆறுதல் இல்லை, பயம். அதற்குப் பதிலாக ஒரு ஆளை நினையுங்கள். அவர் உங்களுக்காகச் செய்த ஒரே ஒரு காரியத்தை நினையுங்கள். செய்து முடிந்த நல்ல காரியத்தை இனி யாராலும் திருப்பி எடுக்க முடியாது. வயது ஏற ஏற உடம்பில் பலம் குறையும், கையில் இருப்பதும் குறையலாம். இந்தக் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகும். 57 வயதில் உங்களிடம் இருக்கிற அளவுக்கு 25 வயதுக்காரரிடம் இருக்க வழியே இல்லை.

மார்ச் 3, காலை 7.05

எழுந்ததும் தோன்றியது. பிறந்த ஆண்டை எழுதக் கூசுகிறது என்றீர்கள். அந்த ஆண்டைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் வேறொன்று நினைவுக்கு வருகிறது. அந்த வருஷம் எனக்குக் கழுத்து நின்றிருக்காது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது ஒவ்வொருவரும் என் பிடரிக்குக் கீழே உள்ளங்கையை வைத்துத்தான் வாங்கியிருப்பார்கள். அதில் பாதிப் பேர் யாரென்றே எனக்குத் தெரியாது. பிரசவம் பார்த்தவர், பக்கத்துப் படுக்கையில் இருந்தவர், பார்க்க வந்துபோனவர்கள். என் வயதில் முதல் ஆண்டு முழுக்க மற்றவர்கள் தாங்கிப் பிடித்த ஆண்டு. அதை எழுத எனக்குக் கூச்சம் வருவதில்லை.

மார்ச் 3, பிற்பகல் 2.30

"இதற்கெல்லாம் ஆய்வு உண்டா, இல்லை மனசுக்குத் தோன்றியதைச் சொல்கிறீர்களா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

உண்டு. 2003-ல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு நன்றியோடு நினைப்பதை எழுதியது, இன்னொன்று எரிச்சலூட்டியதை எழுதியது, மூன்றாவது அந்த வாரம் நடந்ததைச் சும்மா எழுதியது. வாரம் ஒருமுறை, 10 வாரம். நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையை மொத்தமாகப் பார்க்கும்போது மேலாக உணர்ந்தார்கள். அதே கட்டுரையில் இன்னொரு சோதனை நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கம். நரம்புத்தசை நோய் உள்ள பெரியவர்கள் 21 நாள் எழுதினார்கள். நோய் போகவில்லை. ஆனால் கூடுதலாகத் தூங்கினார்கள், விழிக்கும்போது தெளிவாக இருந்ததாகவும் சொன்னார்கள். கூட வாழ்பவர்கள் கண்ணுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கிறது. எனக்கு இதில் பிடித்தது அந்தக் கடைசி விஷயம்தான். தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளலாம், கூட இருப்பவரை ஏமாற்ற முடியாது.

தினமும் எழுதி அலுத்தது என்றீர்கள் அல்லவா? சோன்யா லியுபோமிர்ஸ்கி குழு செய்த சோதனையில் வாரம் ஒருமுறை எண்ணியவர்களுக்குப் பலன் தெரிந்தது, வாரத்தில் மூன்று முறை எண்ணியவர்களுக்குத் தெரியவில்லை. ஆக, நோட்டை மூடி வைத்ததற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள், ஒரு ஆள், ஒரு காரியம் போதும்.

மார்ச் 3, இரவு 8.50

பேருந்தில் முதல்முறையாக ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தபோது மூன்று நாள் மனசு சரியில்லாமல் போனது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நாம் எல்லாரும் அந்த நாளைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம்!

என் கட்சி: உட்கார்ந்துவிடுங்கள். நிற்கத் தெம்பு இருந்தாலும் உட்காருங்கள். அவன் முகத்தைப் பார்த்து நன்றி சொல்லுங்கள். அவன் பார்ப்பது உங்கள் தள்ளாமையை மட்டும் இல்லை, வீட்டில் யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அந்த நிமிடத்தில் செய்துபார்க்கிறான். "வேண்டாம் வேண்டாம், நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று விறைப்பாகச் சொன்னால் அவன் முகம் சுருங்கும். அடுத்த தடவை எழலாமா என்று யோசிப்பான். அந்தத் தயக்கத்தால் அடுத்ததாக நிற்கப்போகிறவர் உண்மையிலேயே கால் வலியோடு இருப்பவராக இருக்கலாம். மரியாதை செய்வது எவ்வளவு நல்ல பழக்கமோ, செய்த மரியாதையை மனம் கோணாமல் வாங்கிக்கொள்வதும் அவ்வளவு நல்ல பழக்கம்.

மார்ச் 5, இரவு 10.20

"யாரை நினைப்பது, எப்படிச் சொல்வது" என்று கேட்டவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக.

என் முதல் வேலை கணக்குப் பிரிவில். எனக்கு மேலே இருந்தவர் ஒரு அம்மா. அப்போது எல்லாம் கையால் கூட்டுவதுதான். அவர் சொல்லிக்கொடுத்த முறை: நெடுவரிசையை மேலிருந்து கீழே கூட்டு, தொகையைப் பென்சிலில் ஓரமாக எழுது. அப்புறம் கீழிருந்து மேலே கூட்டு. இரண்டும் ஒத்தால் மட்டும் பேனாவைத் தொடு. அவர் கூட்டும்போது பென்சில் முனை ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு கணம் நின்று, காகிதத்தில் படாமல் அடுத்த எண்ணுக்குப் போகும். உதடு அசையாது. கணக்கு ஒத்துவராமல் நான் திணறும்போது அவர் முதலில் கேட்பது "வித்தியாசம் எவ்வளவு?" என்பதுதான். சொன்னால், "ஒன்பதால் வகுபடுகிறதா பார்" என்பார். வகுபட்டால் எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. 54-ஐ 45 என்று எழுதினால் வித்தியாசம் 9, 82-ஐ 28 என்று எழுதினால் 54. இந்த ஒரு சூத்திரம் என் வேலைக்காலம் முழுக்க என்னைக் காப்பாற்றியது. கணினி வந்த பிறகும், தட்டச்சு செய்தவர் கை மாறியதை இதை வைத்துத்தான் பிடித்தேன்.

அவர் ஓய்வுபெற்றுப் போனார். நான் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன், அவரிடம் மட்டும் எதுவும் சொன்னதில்லை. போன வருஷம் உறவினர் மூலம் அவர் இருக்கிற இடம் தெரிந்து ஒரு கடிதம் எழுதினேன். "நீங்கள் செய்த உதவிகளுக்கு நன்றி" என்று பொதுவாக எழுதவில்லை. ஒன்பதால் வகுப்பதைப் பற்றியும் பென்சிலைப் பற்றியும் எழுதினேன். எழுதி முடித்துத் தபாலில் சேர்ப்பதற்குள் அவ்வளவு தயக்கம். இத்தனை காலம் கழித்து என்ன திடீரென்று என்று நினைப்பாரோ, ஏதாவது உதவி கேட்க அடி போடுகிறேன் என்று நினைப்பாரோ.

பதில் வந்தது. பிறகு நேரிலும் போனேன். அவருக்கு ஒன்பது ஞாபகமே இல்லை. "அதை நான் எல்லாருக்கும் சொல்லியிருப்பேன்" என்றார். அவருக்கு ஞாபகம் இருந்தது வேறு. "நீ வந்த பிறகுதான் நான் மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டேன். அதற்கு முன்னால் ஜன்னலுக்கு யாராவது வந்தபடி இருப்பார்கள், நான் எழுந்து எழுந்து போவேன். நீ 'நான் பார்த்துக்கொள்கிறேன்'ன்னு சொல்லிட்டுப் போவே." எனக்கு இது சுத்தமாக நினைவில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் செய்ததை மறந்து, வாங்கியதை மட்டும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறோம்.

பேச்சோடு பேச்சாக "உனக்கு இப்போ என்ன வயசு?" என்றார். தயங்காமல் சொன்னேன். "நான் ரிடையர் ஆன வயசைத் தாண்டிட்டியே!" என்று அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பயிற்சிக்கு வந்த பையன் தன் வயதைத் தாண்டி நிற்பதைப் பார்க்கிற சந்தோஷம் அது. என் வயதைக் கேட்டு ஒருவர் மகிழ்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மார்ச் 6, காலை 6.40

அந்தத் தயக்கத்தைப் பற்றி ஒரு சேர்ப்பு. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் 2018-ல் இதையே சோதித்தார்கள். நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, வாங்குகிறவர் எப்படி உணர்வார் என்று எழுதியவரிடம் கேட்டார்கள். அப்புறம் வாங்கியவரிடமே கேட்டார்கள். எழுதியவர்கள் நினைத்ததைவிட வாங்கியவர்கள் அதிகம் மகிழ்ந்தார்கள். எழுதியவர்கள் பயந்த அளவுக்குச் சங்கடப்படவும் இல்லை. அதனால் வார்த்தை சரியாக வரவில்லை என்று யாரும் தள்ளிப்போட வேண்டாம். வாங்குகிறவர் வார்த்தைக்கு மதிப்பெண் போடுவதில்லை.

மார்ச் 6, இரவு 9.10

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மார்ட்டின் செலிக்மன் குழு 2005-ல் வெளியிட்ட சோதனையில், நன்றிக் கடிதத்தை எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களுக்கு உடனடி மகிழ்ச்சி மிக அதிகம். ஒரு மாதம் வரை அது தெரிந்தது, அப்புறம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த வேகம் கொஞ்ச நாளில் அடங்கியது. ஆனால் அடுத்து யார், அடுத்து யார் என்று தேடுகிற பழக்கம் என்னிடம் தங்கிவிட்டது. அதுதான் எனக்கு மிச்சம்.

மார்ச் 8, மாலை 5.25

ஒருவர் எழுதியிருக்கிறார்: "என் அப்பா எங்களை அடித்தே வளர்த்தார். பெரியவர்களை மதித்தால் வயது இனிக்கும் என்கிறீர்கள். அவரை நான் எதற்காக மதிக்க வேண்டும்?"

வேண்டாம். தீங்கு செய்தவருக்கு நன்றி சொல்லும்படி யாரையும் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. "அவர் அடித்ததால்தான் நீ உறுதியானாய்" என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அடி எதையும் கொடுக்கவில்லை. உறுதி உங்களுடையது.

உங்கள் கதையிலும் வேறு ஆட்கள் இருப்பார்கள், தேடிப் பாருங்கள். சத்தம் கேட்டு வந்து கதவைத் தட்டிய ஒருவர். அன்று மாலை ஒன்றும் கேட்காமல் தன் வீட்டில் உட்காரவைத்த ஒருவர். வயதில் உங்களுக்குச் சமமான அக்காவோ தங்கையோகூட அந்த ஆளாக இருக்கலாம். நீங்கள் மதிப்பு செய்ய வேண்டியது அவர்களுக்கு. யாருமே இல்லை என்றால், அந்தச் சின்னப் பிள்ளையாக இருந்து இவ்வளவு தூரம் வந்த உங்களுக்கே செய்துகொள்ளுங்கள்.

படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொண்டு, தூக்கமில்லாமல் இதைப் படிப்பவருக்கும் இதுவே பதில். இப்போது உங்களுக்குத் தேவை மாற்றிவிட ஒரு ஆள், ஓர் இரவுத் தூக்கம். நன்றி உணர்வு வரவில்லையே என்ற குற்றவுணர்ச்சியை அந்தச் சுமையோடு சேர்க்காதீர்கள்.

மார்ச் 9, பிற்பகல் 1.15

"என் வயசுக்காரன் கம்பு ஊன்றி நடக்கிறான், நான் மாடிப்படி ஏறுகிறேன், அதற்கு நன்றி சொல்கிறேன்" என்று ஒரு நண்பர் போட்டிருக்கிறார். தப்பாக நினைக்காதீர்கள் ஐயா, இது நன்றி இல்லை, ஒப்பீடு. நாளைக்கு உங்களுக்கும் கம்பு வந்தால் இன்றைய சந்தோஷத்தின் கால் உடைந்துவிடும். அவர் கம்போடு நடந்து வருவதில் உள்ள துணிவைப் பாருங்கள். அவரிடம் போய் "தினமும் வருகிறீர்களே, உங்களைப் பார்த்துத்தான் நானும் கிளம்பி வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

இதில் இன்னொரு ஆழமான விஷயம் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி வயதைப் பற்றிய எண்ணங்களையே வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டவர். முதியவர்களைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே நாம் சேர்த்துவைக்கிற கேலியும் இளக்காரமும் எங்கேயும் போய்விடுவதில்லை, நமக்கே வயதாகும்போது நம்மைப் பற்றிய எண்ணமாகத் திரும்பி வருகின்றன என்பது அவர் வாதம். 2002-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 660 பேரைப் பற்றியது. 23 ஆண்டுவரை பின்தொடர்ந்த விவரங்கள். தங்கள் வயதைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள். எண்ணம் மட்டுமே ஆயுளைக் கூட்டியது என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது, தொடர்பு இருப்பதைக் காட்டுகிறது. ஆயுள் கூடுகிறதோ இல்லையோ, பெரியவர் ஒருவர் மெதுவாகச் சில்லறை எண்ணும்போது பின்னால் நின்று முகம் சுளிக்கிறவர், தன் எழுபதாவது வயதுக்கு எதிராக இப்போதே சாட்சி சொல்கிறார்.

மார்ச் 9, பிற்பகல் 1.40

மேலே கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று திரும்பப் படித்தேன். கருத்தில் மாற்றமில்லை. அவசரத்தில் நிற்கிறவருக்கும் அவசரம் உண்மைதான். முகம் சுளிக்காமல் இருந்தால் போதும்.

மார்ச் 11, இரவு 10.05

மதிப்பு செய்வது என்றாலே மேல்நோக்கித்தான் என்று எல்லாரும் பேசுகிறோம். கீழ்நோக்கியும் உண்டு. எங்கள் பிரிவில் 26 வயதுப் பெண் ஒருத்தி, புதிய மென்பொருளை எனக்குக் காட்டித்தந்தாள். நான் மறந்து மறுபடி கேட்கும்போது பெருமூச்சு விடாமல் "இன்னொரு தடவை நீங்களே செய்ங்க, நான் பார்க்கிறேன்" என்பாள். என் கையிலிருந்து மவுஸை ஒருமுறைகூடப் பிடுங்கியதில்லை. பெரியவர்களுக்குக் கற்றுத்தருகிற இளையவர்கள் எல்லாருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான்: மவுஸைப் பிடுங்காதீர்கள். இதை ஒரு கூட்டத்தில், எல்லார் முன்னாலும், அவள் செய்ததை இப்படியே விவரித்துச் சொன்னேன். "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்ற பேச்சு அன்றோடு என் வாயிலிருந்து போயிற்று. வயதைப் பற்றிய கசப்பில் பெரும்பங்கு இளையவர்கள்மீது நமக்கு இருக்கிற பொறாமைதான் என்பது என் அபிப்பிராயம். ஒரு இளையவரை மனசாரப் பாராட்டிவிட்டால் அது கரைகிறது.

எரிக் எரிக்சன் மனித வாழ்க்கையை எட்டுக் கட்டமாகப் பிரித்தார். நடுவயதுக்கு அவர் வைத்த கேள்வி, அடுத்த தலைமுறைக்கு எதையாவது வளர்த்துக் கொடுக்கிறாயா, இல்லை உனக்குள்ளேயே தேங்கிப்போகிறாயா என்பது. 57 வயதுக்காரர் கூச்சப்படுவதற்கு மாற்றாக யோசிக்க இது நல்ல கேள்வி.

மார்ச் 12, காலை 8.30

தமிழில் இதற்கு ஒரு பழைய ஆள் இருக்கிறார், எப்படி இவ்வளவு நேரம் விட்டேன்! பிசிராந்தையார். இவ்வளவு வயதாகியும் நரை இல்லையே, எப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் புறநானூற்றின் 191-வது பாட்டு. உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, எண்ணெயும் இல்லை மருந்தும் இல்லை. மாண்புள்ள மனைவி, அறிவு நிரம்பிய பிள்ளைகள், தான் நினைப்பதையே நினைக்கிற ஏவலர், முறை தவறாமல் காக்கும் அரசன், ஊரில் வாழும் அடக்கமுள்ள சான்றோர் என்று ஆட்களையே சொல்லிக்கொண்டு போகிறார். வயதைக் கேட்டதற்கு மற்றவர்களைச் சொன்ன மனிதர். நம் கேள்விக்காரர் அடுத்த முறை யாராவது வயதைக் கேட்கும்போது பேச்சை மாற்ற விரும்பினால் இந்தப் பக்கம் மாற்றலாம். "57 ஆகிறது, இன்னார் இன்னார் தயவில்."

மார்ச் 14, இரவு 9.55

"நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்." இந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை.

நான் செய்தது ஒன்றைச் சொல்கிறேன். பள்ளியில் எனக்குக் கணக்கு சொல்லித்தந்த ஆசிரியர் இறந்து பல வருஷமாயிற்று. அவர் மகளை ஒரு நிகழ்ச்சியில் தற்செயலாகப் பார்த்தேன். "உங்கள் அப்பா தப்பான விடைக்கு மேல் கோடு கிழிக்க மாட்டார், எந்த வரியில் தப்பு தொடங்கியதோ அந்த வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார்" என்று சொன்னேன். அந்த அம்மா சிரித்துவிட்டு உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டில் அவர் கண்டிப்பானவராம். வகுப்பறையில் இப்படி இருந்தார் என்பது மகளுக்கே புதிய செய்தி. இறந்தவருக்குச் சேர வேண்டியதை அவர் பிள்ளைகளிடம் கொடுக்கலாம், வாங்கிக்கொள்வார்கள். பிள்ளைகளும் இல்லையென்றால், அவர் உங்களுக்குச் செய்ததை அவர் பெயரைச் சொல்லியே இன்னொருவருக்குச் செய்யுங்கள். பெயரைச் சொல்வது முக்கியம்.

இன்னொரு வழியும் உண்டு. 2008-ல் மிங்கியுங் கூ முதலானவர்கள் செய்த சோதனையில், நல்லது ஒன்று நடந்ததை நினைப்பதைவிட, அது நடக்காமலே போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எழுதிப் பார்த்தவர்களுக்கு மனநிலை கூடுதலாக உயர்ந்தது. அந்த ஆசிரியர் அந்த வருஷம் வேறு பள்ளிக்குப் போயிருந்தால்? கணக்கென்றாலே ஓடியிருப்பேன், கணக்குப் பிரிவுக்கு வந்திருக்க மாட்டேன், அந்த அம்மாவையும் பார்த்திருக்க மாட்டேன். இழை ஒன்றை உருவினால் எவ்வளவு பிரிந்து வருகிறது பாருங்கள்.

மார்ச் 17, மாலை 6.20

கேள்வி கேட்டவரே திரும்ப வந்து, தன் முதல் ஆசிரியைக்கு எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார். ரொம்ப சந்தோஷம். அவருக்கு 84, காது சரியாகக் கேட்காது, கண்ணும் மங்கல், எப்படிச் செய்வது என்று கேட்கிறீர்கள்.

தொலைபேசி வேண்டாம். கேட்காத காதோடு "என்ன? என்ன?" என்று அவர் கேட்க, நீங்கள் கத்த, சொல்ல வந்ததே போய்விடும். கடிதமாக எழுதுங்கள். தடித்த கறுப்பு மையில், பெரிய எழுத்தில், வரிக்கு நாலைந்து சொல், வரிகளுக்கு நடுவே நிறைய இடைவெளி. பளபளப்பான தாள் கண்ணைக் கூசவைக்கும், சாதாரண வெள்ளைத் தாள் போதும். ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். நீங்கள் யார், எந்த ஆண்டு, எந்த வகுப்பு என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அவரை "என்னைத் தெரிகிறதா?" என்று சோதிக்காதீர்கள். பாராட்டை அடுக்க வேண்டாம், அவர் செய்த ஒரு காரியம் மட்டும். நேரில் போக முடிந்தால் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருங்கள். மெதுவாகத்தான் படிப்பார். அப்புறம் அவர் பேசட்டும்.

தாளின் கடைசியில் உங்கள் முகவரியோடு வயதையும் எழுதுங்கள். தான் எழுத்து சொல்லித்தந்த குழந்தைக்கு இப்போது எத்தனை வயது என்று அவர் கட்டாயம் கேட்பார்.